எடுக்கத் தெரியாத கால்

இருபத்திரண்டு வருடம்
அறுநூறு வோல்ட் என் தலைக்கு மேல் ஓடியது.
கம்பியில் உறைபனி படிந்த காலைகளில்
நீலமாய்ப் பொறி பறக்கும்.
வூச் நகரத்துப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள்.
டிராம் ஓட்டுகிறவள் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இப்போது முப்பது மில்லி ஆம்பியர்.
முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம்,
ஒட்டிய இரண்டு பட்டைகளுக்கு நடுவே.
"எறும்பு ஊர்கிறதா, திருமதி பொகுமிவா?"
டிமோத்தேயுஷ் கேட்கிறான்.
எறும்பு இல்லையப்பா.
பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிக்கிறார்கள்,
சுவர் மட்டும் என்னுடையது.

நவம்பரில் வயிற்றுப்போக்கு. மூன்று நாளில் நின்றது.
பத்தாம் நாள்
காலுறை போட்டிருப்பதாகத் தோன்றியது. போடவில்லை.
பன்னிரண்டாம் நாள் மாடிப்படியில் உட்கார்ந்தவள்
எழுந்திருக்கவில்லை.
கில்லியன் பாரே என்றார்கள்.
இரண்டு டாக்டர்களின் பெயராம்.
தனியாக வரத் துணிச்சல் இல்லாத நோய்.

என் வீட்டுக் காவலாளிகளே
என் கம்பிகளின் உறையைக் கடித்துத் தின்றிருக்கிறார்கள்.
உறை வளர்ந்துவிடும்.
உள்ளே கம்பியே போன இடத்தில்
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதுவும் மனசு வைத்தால்.
நூலெடுத்து அளந்தேன்,
முழங்காலிலிருந்து கட்டைவிரல் வரை நானூற்றுப் பத்து.
கால அட்டவணையில் வாழ்ந்தவள் அல்லவா,
அடுத்த மே மாதம் வந்து சேரவேண்டும் என்று
சுவரில் எழுதிவைத்தேன்.
தாமதத்துக்கு வருந்துகிறோம் என்பதையும்.

பத்து வினாடி மின்சாரம். இருபது வினாடி சும்மா.
"வரும்போது நீங்களும் சேர்ந்து தூக்குங்கள்.
அதையே தூக்கவிட்டால் கால் சோம்பேறியாகிவிடும்."
பாதம் எழுகிறது,
வகுப்பில் தூங்கியவன் பெயர் கேட்டு எழுவதுபோல.
யார் தூக்கினது?

பயிற்சி வண்டியில் எனக்கும் ஒரு பிரேக் உண்டு.
புதுப் பையன் தானே நிறுத்தினதாக நம்புவான்.
நான் சொல்லிக்கொள்வதில்லை.
சில நாள் நிஜமாகவே அவன்தான் நிறுத்தியிருப்பான்,
அது எனக்கு மட்டும் தெரியும்.
இந்தப் பெட்டியோ வாயைத் திறப்பதில்லை.

அடுத்த கட்டிலில் ஜெனோன், பக்கவாதம்.
மின்சாரம் வந்தால் அவன் கை விரியும், போனால் மூடும்.
"பார், என்னிடமே கடன் கேட்கிறது" என்பான்.
சிரிப்பு அவனுக்குப் பாதி முகத்தில்தான் வரும்.
நானும் பாதியாகச் சிரித்துவைப்பேன்.

ஐந்து முறைக்கு மேல் வேண்டாம் என்றிருந்தான் டிமோத்தேயுஷ்.
இரவில் போர்வைக்குள் இருபது செய்தேன்.
விடிந்ததும் இரண்டுக்கே
கால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.
"யாருக்கும் தெரியாமல் செய்தீர்களோ?" என்றான்.
எங்கள் டெப்போவில் டீசல் திருடிய மெக்கானிக்கைப் போல
நான் கூரையைப் பார்த்தேன்.

பணிமனை டாக்டர் முன்னால் ஒரு மரப்பெடல்.
"மிதியுங்கள்."
மிதித்தேன். அவர் புருவம் உயர்ந்தது.
மிதிக்கிற தசை எனக்கு முழுசாகத் திரும்பிவிட்டது.
"எடுங்கள்."
தொடை கிளம்பியது, முழங்கால் கிளம்பியது,
பாதம் கடைசியாக
ஈரத்துணிபோலத் தொங்கிக்கொண்டு வந்தது.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
எதையோ எழுதினார், எனக்குப் பக்கவாட்டில்தான் தெரிந்தது.

நிறுத்தத் தெரியும். விடத் தெரியாது.
என் முன்னாள் கணவர் இதைக் கேட்டால்
எப்போதோ சொன்னேனே என்பார்.

மே மாதம் வந்தது, நரம்பு பாதி வழியில்.
வலது ஷூவின் நுனி மட்டும் தேய்கிறது.
சென்ற மாதத்தைவிட இந்த மாதம்
ஒரு நகக்கண் அளவு குறைவாக.
ஷூவை டிமோத்தேயுஷின் மேசைமேல் வைத்தேன்.
காகிதங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தான்,
மணலைத் தட்டாமல்.

டிக்கெட் வாங்கித்தான் ஏறுகிறேன் இப்போதெல்லாம்.
சந்தை முனையில்
ஓட்டுகிற பெண் அரை நொடி தாமதித்தாள்.
என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.
வண்டி நின்றது. கதவு திறந்தது, மூடியது.
வண்டி கிளம்பியும்விட்டது.
நான் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறேன்.